மங்குவது விளக்கா, கண்ணா?

படகில் கரன்ட் வேலை பார்க்க நல்ல கண் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல கண் உள்ளவனுக்கே அங்கே பாதிதான் தெரியும் என்பதை யாரும் சொல்வதில்லை. வீட்டில் ஸ்விட்ச் போர்டு நெஞ்சு உயரத்தில், ட்யூப் லைட் வெளிச்சத்தில், ஆடாமல் அசையாமல் இருக்கிறது. விசைப்படகில் ஒயர் ஓடும் இடங்களே வேறு. வீல் ஹவுஸ் கூரையின் உள்பக்கம் ஒரு கட்டு. என்ஜினுக்கும் பலகைக்கும் நடுவே முழங்கை வரை மட்டும் நுழைகிற சந்தில் ஒரு கட்டு. பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால், டீசலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து பிசுபிசுக்கும் இடத்தில் இன்னொரு கட்டு. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போதுகூடப் படகு ஆடிக்கொண்டுதான் இருக்கும். அண்ணாந்தோ மல்லாந்தோ கிடந்துதான் பாதி வேலையைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில், பார்வை குறைந்துவிட்ட ஒருவன் திருப்புளியை எடுத்துக்கொண்டு இறங்கலாமா, இறங்கினால் எதுவரை இறங்கலாம் என்ற கேள்வி சில வருடங்களாக என்னை விடவில்லை. கண்ணில் தொடங்கிய கேள்விதான். இப்போது, வயதான பிறகு எதை விடுவது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

என் கண்ணின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டியதும் எல்லோருக்கும் போல வெள்ளெழுத்து வந்தது. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்தில் இருப்பதைக் குவிக்க முடியாமல் போகிறது. கண்ணாடி போட்டால் சமாளிக்கலாம். அதன் பிறகு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. இடக்கண்ணில் புரையை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைத்திருக்கிறார்கள். தூரம் தெளிவாகத் தெரிகிறது. அந்த லென்ஸ் தானாகக் குவியாது என்பதால் பக்கத்தில் பார்க்கத் தனிக் கண்ணாடி வேண்டும். வலக்கண்ணில் சர்க்கரை விழித்திரையைத் தொட்டுவிட்டது. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். ஆக, நுணுக்கமான வேலைக்கு எனக்கு இருப்பது ஏறக்குறைய ஒற்றைக் கண்.

ஒற்றைக் கண்ணால் வேலை பார்ப்பவனுக்கு முதலில் கைவிட்டுப் போவது ஆழம். ஸ்குரூவின் தலை தெரிகிறது, திருப்புளியின் நுனியும் தெரிகிறது; ஆனால் நுனி ஒரு நூல் முன்னாலோ பின்னாலோதான் போய் விழும். அதற்கு ஒரு வழி உண்டு. இடக்கை ஆள்காட்டி விரலை ஸ்குரூவின் தலைமேல் வைத்து, திருப்புளியை அந்த நகத்தை ஒட்டி வழுக்கி இறக்கினால், அது நேராகப் பள்ளத்தில் போய் உட்காரும். கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். பல வேளைகளில் நான் மூடிக்கொண்டுதான் செய்கிறேன். அரைகுறையாகத் தெரியும் கண், கையைத் தப்பான இடத்துக்கு இழுக்கிறது.

கண்ணாடி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ப்ளஸ் 2.50 கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்துக்குப் பொருந்தும், அதாவது மடியில் வைத்துப் படிக்கும் பத்திரிகைக்கு. என்ஜின் சந்தில் கையை முழுக்க நீட்டி வேலை செய்தால் தூரம் 65 சென்டிமீட்டருக்குப் போய்விடும். அதற்கு ப்ளஸ் 1.50தான் சரி. மேலும், இரட்டை வில்லைக் கண்ணாடியில் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது. கூரை ஒயரோ தலைக்கு மேலே இருக்கிறது. கழுத்தை எவ்வளவு மடக்கினாலும் இரண்டும் சந்திக்காது. முழு வில்லையும் ஒரே பவரில் உள்ள தனிக் கண்ணாடிதான் அங்கே உதவும். மருத்துவரிடம் போகும்போது "படிக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லாமல், வேலை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொண்டு போய்ச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இதைச் செய்பவர்கள் அபூர்வம். கிடைத்த கண்ணாடியோடு மல்லுக்கட்டிவிட்டு, வேலையே இனி ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள்.

படகு ஓட்டும் வீலைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன். அதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. இரவில் படகு ஓட்டுபவனுக்கு முன்னால் ஒரு மிதவைக் கயிறோ, விளக்கில்லாத வள்ளமோ வந்தால், பார்த்துத் திருப்புவதற்கு ஒன்றிரண்டு நொடிதான் இருக்கும். அந்த நொடியில் கண் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தவன் உயிர் போகும். ஒயர் வேலை அப்படியில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் நேரம் முழுவதும் என்னுடையது. ஒரு கனெக்‌ஷனைப் பத்துத் தடவை தடவிப் பார்க்கலாம், எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் நாளைக்கு என்று வைக்கலாம். பார்வை குறைந்தவர்களை வேலையிலிருந்து ஒதுக்கும்போது வீட்டார் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. நொடியில் முடிவெடுக்க வேண்டிய வேலையையும், நேரம் எடுத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "இனிமே நீங்க சும்மா இருங்க" என்கிறார்கள். முதலாவதை நானே விட்டுவிடுவேன். இரண்டாவதை ஏன் விட வேண்டும்?

கரையில் எலக்ட்ரீஷியன் இருக்கிறாரே, கூப்பிட்டுச் செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கரையில் செய்துகொள்ளலாம்தான். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு நாள் கணக்கில் தங்கித் தொழில் செய்யும் படகில், நடுக்கடலில் இரவு பன்னிரண்டு மணிக்குப் பக்க விளக்கு அணைந்தால் யாரைக் கூப்பிடுவது? 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை எரிய வேண்டும். மடி இழுக்கும் படகு, பச்சையும் அதற்குக் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். மற்ற வலைகளைப் போட்டிருக்கும் படகு, சிவப்பும் அதற்குக் கீழே வெள்ளையும். எதிரே வரும் சரக்குக் கப்பலுக்கு நம் படகு எந்தப் பக்கம் போகிறது, வலை இழுத்துக்கொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் இந்தச் சின்ன விளக்குகள்தான் சொல்கின்றன. மரப்படகு ராடாரில் சரியாகத் தெரியாது. விளக்கும் போனால் அந்த இடத்தில் படகு இருப்பதே கப்பலுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படகிலும் கரன்ட் வேலை தெரிந்த ஒருவர் இருக்கத்தான் வேண்டும். எங்கள் படகில் அது நான். எந்த ஒயர் எந்தப் பலகைக்கு அடியில் போகிறது, எங்கே மடங்குகிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரியும்.

இனித்தான் கடினமான இடம். ஓர் இரவு பின்விளக்கு மங்கலாக எரிவதாக எனக்குத் தோன்றுகிறது என்று வையுங்கள். மங்குவது விளக்கா, கண்ணா?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. அறுபது வயதுக்காரன் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், அவனுக்கு இருபது வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி முன்போல விரிவதில்லை, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. புரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். எனவே "எனக்குத்தான் தெரியவில்லை" என்று நான் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் விளக்கும் மங்கும். உப்புக் காற்று பட்டுப் பட்டு ஒரு கனெக்‌ஷனில் பச்சைக் களிம்பு ஏறினால், மின்சாரம் அந்த இடத்தில் முட்டித் திணறி வோல்டேஜ் இறங்கும். குண்டு பல்பில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். அமெரிக்கப் படகுத் தரக்குழு, வழிகாட்டும் விளக்குகளுக்குப் போகும் ஒயரில் வோல்டேஜ் 3 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறது. 24 வோல்ட் படகில் அது முக்கால் வோல்ட்கூட இல்லை. அந்த அளவு கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. விளக்கு முழுதாக அணைந்தால் யாராவது கவனிப்பார்கள். மங்கினால் கவனிக்க மாட்டார்கள். பார்வை மங்கியவன் இன்னும் கவனிக்க மாட்டான். கவனித்தாலும் தன் கண்மேல் பழி போட்டுக்கொள்வான்.

இரண்டும் சேர்ந்தே மங்கியிருக்கலாம் என்பதுதான் இதில் பயங்கரம். உள்ளேயிருந்து யோசித்து இதற்கு விடை காண முடியாது. எனக்கு வெளியே இருக்கும் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். படகில் அது மல்டிமீட்டர்.

மீட்டரைக் கேட்கவும் முறை உண்டு. விளக்கை அணைத்துவிட்டு ஒயரின் நுனியில் மீட்டரை வைத்தால் அது முழு வோல்ட்டையும் காட்டும். உள்ளே எல்லா இழையும் அறுந்து ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அதற்கு அந்த ஓர் இழை போதும். பஸ்ஸர் வைத்துச் சோதித்தாலும் இதே ஏமாற்றம்தான். விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். இரண்டு பேட்டரியும் நிறைந்திருந்தால் சேர்த்து 25.2 வோல்ட் இருக்கும். விளக்கு எரியும்போது பேட்டரியில் 25, விளக்கு முனையில் 22 என்றால், நடுவில் எங்கோ மூன்று வோல்ட் சூடாகிக் காணாமல் போகிறது. பாதி வழியில் உள்ள ஒரு கனெக்‌ஷனில் வைத்துப் பார்த்தால் எந்தப் பாதியில் போகிறது என்று தெரியும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால் கெட்டுப்போன ஒட்டு மாட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் பெரும்பாலும் அது நெகட்டிவ் பக்கம்தான் இருக்கும். பாசிட்டிவைக் கவனமாகக் கட்டுகிறவர்கள் நெகட்டிவை ஏதோ ஒரு ஸ்குரூவில் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதில் கண்ணுக்கு இருக்கும் ஒரே வேலை எண்ணைப் படிப்பது. அதற்குப் பெரிய எழுத்தும் பின்னொளியும் உள்ள மீட்டர் வாங்கிக்கொண்டேன். எண்ணை வாயால் சொல்லும் மீட்டர்களும் இருக்கின்றன. மீதி வேலையைக் கை பார்த்துக்கொள்ளும். வோல்டேஜைத் தின்னும் கனெக்‌ஷன் சூடாகும். பளு கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மெயினை அணைத்துவிட்டு, புறங்கையால் ஒயர் நுனிகளில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு லக்கையும் தொட்டுக்கொண்டே போனால் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அதுதான். களிம்பு ஏறிய செம்பு விரலில் மாவு மாதிரி நெருடும். கிரிம்ப் செய்த லக்கைப் பிடித்து இழுத்தால், நல்லது அசையாது, கெட்டது கழன்று கையோடு வரும். இப்படி இழுத்துப் பார்ப்பதை நல்ல கண் உள்ளவர்கள் செய்வதில்லை. பளபளவென்று இருக்கிறதே என்று நம்பிவிடுகிறார்கள்.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 24 வோல்ட் படகில் வயர்லெஸ் செட்டுக்கு 12 வோல்ட் வேண்டும் என்று, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துக் கொடுப்பது பல படகுகளில் நடக்கிறது. அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக வடியும். சார்ஜ் ஏறும்போது இன்னொன்று அளவுக்கு மீறிக் கொதிக்கும். கொஞ்ச நாளில் இரண்டும் வீணாகும். கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது, எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளப்பவனுக்குத்தான் தெரியும்.

மங்குவது விளக்கா கண்ணா என்ற கேள்வி படகோடு நிற்கவில்லை. வயதானவர்கள் கூடும் இடத்தில் அடிக்கடி காதில் விழுவது, "முன்ன மாதிரி எதுவும் இல்ல" என்ற பேச்சு. முன்ன மாதிரி மீன் இல்லை, முன்ன மாதிரி ஆள் இல்லை, முன்ன மாதிரி மரியாதை இல்லை. உண்மையாகவும் இருக்கலாம். பார்ப்பவனின் பார்வை சுருங்கியதாகவும் இருக்கலாம். மீன் விஷயத்தில் எங்களிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. டீசல் கணக்கும் ஏலச் சீட்டும் எழுதிவைத்த பழைய நோட்டுகள். எத்தனை லிட்டர் எரித்தோம், என்னென்ன மீன் எவ்வளவு விற்றோம் என்று அவற்றைப் புரட்டினால், சில இனங்கள் குறைந்திருப்பது நிஜம் என்று தெரிகிறது. சில வருடங்களை நாம் வீணாகப் பொற்காலமாக்கி வைத்திருக்கிறோம் என்றும் தெரிகிறது. ஆள் விஷயத்துக்கும் மரியாதை விஷயத்துக்கும் அப்படி ஒரு நோட்டு இல்லை. அங்கே நான் என் தீர்ப்பை நிறுத்திவைத்துக்கொள்கிறேன். இளைஞர்களிடம் குறை காணும் முன் அது என் லென்ஸின் மஞ்சளா என்று ஒரு கணம் யோசிப்பது, வலக்கண் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம்.

மஞ்சள் என்று சும்மா சொல்லவில்லை. நீல ஒயர் ஒன்றைக் கையில் பிடித்து வலக்கண்ணை மூடினால், புரை எடுத்த இடக்கண்ணுக்கு அது பளிச்சென்று நீலமாகத் தெரிகிறது. இடக்கண்ணை மூடினால் அதே ஒயர் அழுக்குச் சாம்பலாக, என்ஜின் அறை வெளிச்சத்தில் கறுப்பாகவே தெரிகிறது. ஒரே ஒயர், ஒரே ஆள், ஒரே நேரம். ஆபரேஷனுக்கு முன்பு பல வருடங்கள் நான் பார்த்ததெல்லாம் அந்தச் சாம்பல்தான். புரை மெல்ல மெல்ல மூடியதால் நீலம் போனதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படகு வயரிங்கோ நிறத்தை நம்பியே இருக்கிறது. ஃபியூஸ்கூட அப்படித்தான்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. மெல்லிய ஒயருக்குப் பத்து போட வேண்டிய இடத்தில் முப்பதைப் போட்டால், ஒயர் பழுக்கக் காய்ந்தாலும் ஃபியூஸ் போகாது. ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை இல்லை, ஒயரை. ஒயர் எரிந்தால் மரப்படகு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகையால் நிறத்தின் மேல் கைக்கான அடையாளத்தையும் போட்டுவிட்டேன். பாசிட்டிவ் ஒயரின் நுனிக்கு அருகில் ஒரு கேபிள் டை. நெகட்டிவுக்கு இரண்டு. விளக்குகளுக்குப் போகும் ஒயர்களுக்கு ஒரு சாண் தள்ளி இன்னும் ஒன்று. டையின் வாலை ஒட்ட நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் கையைக் கிழிக்கும். ஃபியூஸ்களை ஆம்பியர் வாரியாகத் தனித்தனி டப்பாவில் வைத்து, மூடியில் சூட்டுக்கோலால் கோடு இழுத்திருக்கிறேன். பேட்டரியின் முனைகளுக்கு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பாசிட்டிவ் முனை நெகட்டிவை விடச் சற்றுப் பருமனாகத்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தால் தெரிந்துவிடும். இதைச் செய்து வைத்தவர்கள் யாரோ, இருட்டில் வேலை செய்கிறவனை நினைத்திருக்கிறார்கள்.

கண் எட்டாத இடத்துக்குப் போனை அனுப்பலாம். சந்துக்குள் போனை நீட்டி ஒரு படம் எடுத்து, வெளியே உட்கார்ந்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தால், டைனமோவுக்குப் பின்னால் விரிசல் விட்ட ஒயரின் தோல் பூதாகரமாகத் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தவம் கிடந்த காலத்தில் இது கிடைத்திருந்தால் என்று நினைக்கிறேன். தலையில் மாட்டும் டார்ச்சை விடப் பக்கவாட்டில் பிடித்த டார்ச்தான் நல்லது. நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழும். விரிசல் நிழலில்தான் தெரியும்.

இவ்வளவு சொன்ன நான், தொடாத வேலைகளும் உண்டு. ஜெட்டியிலிருந்து படகுக்கு இழுக்கும் 230 வோல்ட் லைனில் நான் கை வைப்பதில்லை. ஈரக் கை, உப்புத் தண்ணீர், இரும்பு, அரைப் பார்வை எல்லாம் சேரும் இடத்தில் துணிச்சல் காட்டுவது வீரமில்லை. 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் பேட்டரியிடம் அலட்சியமாக இருப்பவர்களையும் பார்க்கிறேன். ஒரு ஸ்பேனர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் பழுக்கும். கையில் மோதிரம் இருந்தால் விரல் போகும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும் வெடிக்க. அதனால் மோதிரத்தையும் கயிற்றையும் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து காற்றாடவிட்டு, முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவை மாட்ட வேண்டும். கைப்பிடிகளில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஸ்பேனர்தான் உள்ளே போகலாம். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும்போது தெறிக்கும் ஆசிட்டுக்குக் கண்மறைப்புக் கண்ணாடி கட்டாயம். இருப்பது ஒரு கண் என்றால் அது இரண்டு மடங்கு கட்டாயம். இந்த வேலையை நான் தனியாகச் செய்வதில்லை. செய்து முடித்ததும் மெயினைப் போடுமுன் இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் டைனமோவின் டையோடுகள் அந்த நொடியே போய்விடும், மன்னிப்பே கிடையாது.

இன்னொருவர் கண்ணைக் கேட்பது எளிதாக வரவில்லை. "இது சிவப்பா, பிரவுனாப்பா?" என்று தம்பி மகனிடம் கேட்கும்போது, அவன் பதில் சொல்வதற்கு முன் கையை நீட்டுவான். "குடுங்க பெரியப்பா, நானே செஞ்சிடறேன். நீங்க மேல போய் உக்காருங்க." அன்பில் சொல்வதுதான். ஆனால் நான் கேட்டது நிறத்தை. அவன் எடுத்துக்கொள்ள வருவது வேலையை. பார்வை குறைந்தவர்களுக்கு உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். கேட்டதை மட்டும் கொடுக்கத் தெரியாமல், மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டில் அம்மாக்களுக்கும் இதுதான் நடக்கிறது. அரிசியில் கல் தெரியவில்லை என்று சொன்ன அன்றோடு அடுப்படியே கைமாறிவிடுகிறது.

ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னேன்: "நீ சும்மா டார்ச்சப் புடி. நான் ஒவ்வொண்ணா சொல்லிட்டே செய்யறேன். நான் சொல்றதும் நீ பாக்கறதும் ஒண்ணா இருந்தா பேசாம இரு. வேற மாதிரி இருந்தா நிறுத்துன்னு சொல்லு." அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. "நெகட்டிவைக் கழட்டறேன். ரெண்டு டை இருக்கு. லக் ஆடுது, புது லக் போடப் போறேன்." என் கண்ணுக்காகத் தொடங்கிய பேச்சில் அவனுக்கு வேலை வந்துவிட்டது. நல்ல பார்வை இருந்த நாட்களில் நான் பேசாமல் செய்துவிட்டு எழுந்து போவேன். பக்கத்தில் நின்ற யாருக்கும் ஒன்றும் வந்ததில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. இளம் வயதில் முடக்குவாதம் தாக்கி அவர் விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் அதை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். பேனா பிடிக்கச் சிரமப்பட்ட கைக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு புரை அறுவை சிகிச்சை பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். இதை மனஉறுதிக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவர் வேலையைப் பிரித்த விதம். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த இடத்தில், அறுவை மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்வார். மற்ற எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள். ஒரு மேசையில் முடித்ததும் அடுத்த மேசைக்குத் திரும்பினால் அங்கே எல்லாம் தயாராக இருக்கும். எந்தக் கை எதைச் செய்ய வேண்டும் என்று நிதானமாகப் பிரித்துப் பார்த்த மனிதர் அவர். தன் கையின் குறையைத் தெளிவாக அறிந்தவருக்கே அந்தப் பார்வை வரும் என்று நினைக்கிறேன்.

கடலிலும் அப்படி வேலையைப் பிரித்துக்கொண்டவர்கள் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த மிட்சுஹிரோ இவாமோட்டோ பதின்வயதில் பார்வையை முற்றாக இழந்தவர். 2013இல் பசிபிக்கைக் கடக்கப் புறப்பட்டபோது படகு திமிங்கிலத்தில் மோதி மூழ்கியது, மீட்டுக் கொண்டுவந்தார்கள். 2019இல் மறுபடியும் புறப்பட்டு, சான் டியேகோவிலிருந்து ஃபுகுஷிமா வரை எங்கும் நிற்காமல் கடந்தார். துணைக்கு வந்த பார்வையுள்ளவர் காற்றின் திசையையும் எதிரே வரும் தடைகளையும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். பாயையும் சுக்கானையும் இவாமோட்டோ பார்த்துக்கொண்டார். கேட்டதை மட்டும் கொடுக்கத் தெரிந்த துணை அது.

இப்போது எங்கள் வீல் ஹவுஸ் கதவின் உள்பக்கம் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறது. எந்த ஸ்விட்ச், எந்த ஃபியூஸ், எந்த ஒயர், எந்த வழி எல்லாம் கட்டை எழுத்தில், கறுப்பு மையில், லேமினேட் செய்து. எனக்குத் தெரிய வேண்டும் என்று பெரிதாக எழுதியதுதான். அலையடிக்கும் இரவில் கை நடுங்கும் இளைஞனுக்கும் அந்தப் பெரிய எழுத்துதான் வேண்டியிருக்கிறது. ஒயரில் போட்ட டைகளும் அப்படியே. நான் படகுக்கு வராத நாளிலும், இனி வரவே முடியாத நாளிலும், அந்தப் படகில் விளக்கு எரிய வேண்டும் அல்லவா. என் தலைக்குள் மட்டும் இருந்த வயரிங்கை என் கண் மங்கிய பிறகுதான் காகிதத்துக்கு இறக்கினேன்.

படகு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் பக்கம் தடைக்காலம். படகைக் கரையேற்றி அடிப்பலகையைச் சுரண்டுகிறோம், பெயின்ட் அடிக்கிறோம், என்ஜினைப் பிரித்துப் போடுகிறோம், வலையை ஒக்கிடுகிறோம். அந்த 61 நாளில் ஒரு முற்பகலை ஒதுக்கி, நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். சர்க்கரை இருப்பவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். சர்க்கரையால் போகும் பார்வை வலிக்காமல்தான் போகும். போகும்போது கையில் ஒரு டேப்பும் இருக்கட்டும்.